மலைக்கு அந்தப் பக்கம்

நம் பங்கின் பாடற்குழுப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு நாள் அய்யனார் கோவில் ஆற்றுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கிறிஸ்து பிறப்புப் பாடல் ஒத்திகைகளுக்கே பொழுது போதாது. ஆகையால் நவம்பர் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமையை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறோம். இராஜபாளையத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர். இருமருங்கும் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் தொடர்ந்து வர, சாலை மலையின் காலடியில் போய் நின்றுவிடுகிறது. அதற்குமேல் பாறையும் நீரும் காடும்தான்.

அங்கே குடிகொண்டிருக்கும் தெய்வத்துக்கு மக்கள் இட்டிருக்கும் பெயர் நீர் காத்த அய்யனார். பெயரைக் கேட்டவுடன் இது வேளாண் மக்கள் வைத்த பெயர் என்று விளங்கிவிடும். வழியில் ஆறாவது மைல் என்னும் இடத்தில் இராஜபாளையம் நகரின் குடிநீர்த் தேக்கம் இருக்கிறது. மைல்கல் போய்க் கிலோமீட்டர் கல் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் ஊரார் நாவில் அது ஆறாவது மைலாகவே நிலைத்துவிட்டது. இம்மலையில் மழை பொய்த்தால் நகரத்துக் குழாய்கள் வறண்டுபோகும். மழை மிகுந்தால் ஆறு ஒரு நாழிகைக்குள் பெருகி, அக்கரைக்குச் சென்றவர்கள் திரும்ப வழியின்றி நிற்பார்கள். தீயணைப்புப் படையினர் கயிறு கட்டி அவர்களை இக்கரை சேர்த்த செய்தியைப் பலமுறை நாளிதழ்களில் படித்திருக்கிறோம். ஆதலால் வனத்துறையினர் 'இன்று போகலாம்' என்று சொன்ன பிறகே நாம் வண்டி பேசுவது.

அன்று நீர் முழங்கால் அளவே ஓடியது. பிள்ளைகள் குளித்துக் கரையேறிப் புளிச்சோற்றை முடித்தபின், ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மேற்கே நிமிர்ந்து பார்த்து, "சாமி, இந்த மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டான்.

நாம் ஆசிரியர் தொனியில் தொடங்கினோம். இம்மலைத் தொடர் 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாகவும் ஆனதைச் சொன்னோம். முகட்டுக்கு இப்பால் பெய்யும் மழை இந்த ஆறாக இறங்கி நம் ஊருக்கு வருகிறது. அப்பால் பெய்யும் மழையோ பெரியாறாகி வடக்கு நோக்கிக் காட்டுக்குள்ளேயே ஓடி, 1895-இல் பென்னிகுக் கட்டி முடித்த அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது என்று சொன்னோம். ஒரே மேகம் முகட்டின் எப்பக்கம் உடைகிறதோ, அதைப் பொறுத்து அந்நீர் இராஜபாளையத்துக் குடத்திலோ கம்பத்து வயலிலோ போய்ச் சேரும். சிறுவனுக்கு இதில் பெரிய வியப்பு ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த நம் முன்னாள் உபதேசியார்தான் சுருக்கமாக விடை சொன்னார்:

"அந்தப் பக்கம் எங்க தங்கச்சி வீடுடா தம்பி. திராட்சைத் தோட்டம்."

எண்பதை நெருங்கும் பெரியவர். இராஜபாளையத்து நூற்பாலையில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வேளைகளில் மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்தவர். வண்டி திரும்பும்போது நம்மருகில் வந்து உட்கார்ந்து மீதியைச் சொன்னார். தங்கை கணவனை இழந்தவர். பிள்ளைகள் இருவர். மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சை. மூத்தவன் கொடியை வைத்திருக்கவேண்டும் என்கிறான். இளையவன் பந்தலைப் பிரித்துவிட்டுத் தென்னை வைக்கவேண்டும் என்கிறான். ஒரே வீட்டில் ஆறு மாதமாகப் பேச்சு இல்லை.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும், சாமி. கிறிஸ்மஸ் வருது. ரெண்டு அடுப்பு எரியிற வீட்டுல எங்க தங்கச்சி எந்த அடுப்புல கஞ்சி குடிப்பா?"

நம் பங்கின் எல்லைக்கு வெளியே போய்ப் பஞ்சாயத்துச் செய்வது முறையன்று. அத்துடன், கொடியைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? ஆயினும் அவ்வூர்ப் பங்குத் தந்தைக்குத் தொலைபேசியில் தெரிவித்து, அவருடைய இசைவையும் பெற்றுப் புறப்பட்டோம். உபதேசியாருக்காகத்தான் போனோம் என்று எழுதினால் அது பாதி உண்மையே. மறுபாதி, குருமட நாள்களிலிருந்து நம்மைத் தொடர்ந்து வரும் ஒரு பழைய ஆசை.

குருமடத்தில் நமக்குத் திருச்சபை வரலாறு கற்பித்த முதிய பிரெஞ்சுக் குரு ஒருவர், தம் செபப் புத்தகத்துக்குள் ஒரு படத்தை வைத்திருந்தார். கல் வளைவுகள் சூழ்ந்த ஒரு சந்தைத் திடல். பிரான்சின் தென்மேற்கே, போர்தோ நகருக்கு மேலே, கரோன் ஆற்றங்கரையில் அமைந்த சேன்-மக்கேர் என்னும் இடைக்காலச் சிற்றூர் அது. மதில் சூழ்ந்த அவ்வூரின் திடலுக்கு மெர்க்காதியு என்று பெயர். 'கடவுளின் சந்தை' என்று அவர் நமக்குப் பொருள் சொன்னார். 1453 வரை அந்நாடு இங்கிலாந்து மன்னர்களின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. சுற்றுப்புறத் தோட்டங்களின் திராட்சை இரசம் பீப்பாய்களில் படகேறி, ஆற்று வழியே போர்தோவுக்கும் அங்கிருந்து கப்பலில் இலண்டனுக்கும் போகும். பின்னாளில் ஆறு ஊரைவிட்டு விலகிச் சென்றுவிட, வாணிகமும் விலகிவிட்டது. வளைவுகள் மட்டும் நிற்கின்றன. 1952-இல் நோபல் பரிசு பெற்ற கத்தோலிக்க நாவலாசிரியர் பிரான்சுவா மோரியாக்கின் வீடும் தோட்டமும் அவ்வூரை அடுத்தே உள்ளன. இதே கரோன் ஆறுதான் மேலே துலூஸ் நகரைத் தொட்டு வருகிறது. நம் புதிய மதுரை மிஷனுக்குக் குருக்களை அனுப்பிய துலூஸ் இயேசு சபை மாநிலத்தை நம் முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். அந்தக் குருவானவர் ஊர் திரும்பாமலே இங்கே மண்ணுக்குள் போனார். அந்தத் திடலை நேரில் காணவேண்டும் என்று நாம் எண்ணியதுண்டு, காணவில்லை. திராட்சைத் தோட்டமும் ஆறும் சந்தையும் பழைய ஊரும் ஒருசேர அமைந்த இடம் நம் மலைக்கு அந்தப் பக்கமே இருக்க, பிரான்சுக்குப் போவானேன் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டோம்.

மலைக்கு அந்தப் பக்கம் என்பது காகத்துக்குத்தான் அருகில். நமக்கு மலையைச் சுற்றியே வழி. விடியற்காலைத் திருப்பலியை முடித்துக்கொண்டு, உபதேசியாரும் நாமும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வேறு பேருந்துக்குக் காத்திருந்தோம். 192 அடி உயரக் கோபுரம் இளவெயிலில் பொன்னாகி நின்றது. தமிழக அரசின் முத்திரையில் இருப்பது இக்கோபுரமே என்று இவ்வூரார் பெருமை கொள்வர். ஒரு பெண்பிள்ளையின் பாடல்களால் ஓர் ஊர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பெயர் பெற்று விளங்குவது சாதாரணமா என்ன! உபதேசியார் கோபுரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பால்கோவாக் கடைக்குள் நுழைந்து ஒரு கிலோ வாங்கினார். கால் கிலோவாகப் பிரித்து நான்கு பொட்டலமாகக் கட்டச் சொன்னார். "தங்கச்சிக்கு ஒண்ணு, பங்குச்சாமிக்கு ஒண்ணு, ரெண்டு அடுப்புக்கும் தனித்தனியா ஒண்ணு" என்று கணக்குச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

டி. கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி என்று பேருந்துகள் மாறி, வீரபாண்டி தாண்டியதும் நிலத்தின் நிறமே மாறியது. வழியெல்லாம் பார்த்த கரிசலும் மானாவாரியும் மறைந்து, வயலும் வாழையும் தென்னையும் கண்ணை நிறைத்தன. அந்தப் பசுமைக்கு நடுவே முல்லையாறு ஓடுகிறது. நம் மலையின் மறுபுறத்து மழைநீர் அதுதான். மேற்கே அரபிக் கடலுக்குப் போகவேண்டிய நீர், ஒரு சுரங்கத்தின் வழியாகத் திரும்பி, 125 ஆண்டுகளுக்கு மேலாக இங்கே இரு போகம் விளைவித்துவிட்டு வைகையில் கலக்கிறது. இப்பள்ளத்தாக்கில் பல வீடுகளில் பென்னிகுக்கின் படம் மாலையோடு தொங்குவதையும், பொங்கலன்று அவர் பெயரால் பானை வைப்பதையும் வெளியூரார் வியப்பார்கள். நீரின் அருமை அறிந்த நம்மவர்க்கு அதில் வியக்க ஒன்றுமில்லை.

சின்னமனூரில் இறங்கினோம். முல்லையாற்றங்கரையில் அமைந்த இவ்வூரின் பழம்பெயர் அரிகேசரிநல்லூர். பாண்டிய மன்னன் ஒருவனின் பட்டப்பெயரைச் சூடிய ஊர். இங்கே கிடைத்த செப்பேடுகள் தமிழ்நாட்டு வரலாற்று மாணவர் அனைவரும் அறிந்தவை. பத்தாம் நூற்றாண்டில் மாறவர்மன் இராசசிம்மன் அளித்த பெரிய சின்னமனூர்ச் செப்பேடு, பாண்டியர் தம் முன்னோரின் புகழை வரிசையாகச் சொல்லும்போது, மதுரையில் சங்கம் வைத்ததையும் பாரதத்தைத் தமிழில் ஆக்குவித்ததையும் சேர்த்தே சொல்கிறது. போரில் வென்ற யானைகளோடு ஒரு மொழிபெயர்ப்பையும் பெருமையாகப் பொறித்த அரசமரபு! பூலாநந்தீசுவரர் கோவிலின் புறத்தே ஆற்றைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றோம். பாண்டிய நாட்டுக்கும் சேர நாட்டுக்கும் இடையே வணிகர் சென்ற பழைய வழிகளுள் ஒன்று இப்பள்ளத்தாக்கு. மலை இறங்கி வந்த மிளகுப் பொதிகள் இந்தக் கரையில் மூச்சு வாங்கித்தான் மதுரைக்குப் போயிருக்கும். சேன்-மக்கேரில் ஆறு விலகிப் போனது. இங்கே ஆறு விலகவில்லை, சந்தையும் ஓயவில்லை. மிளகின் இடத்தில் வாழைத்தார்கள். பச்சைத் தார்கள் சுவர்போல் அடுக்கியிருக்க, லாரிகளுக்கு இடையே விலை கூவும் குரல் காதைத் துளைத்தது. உபதேசியார் நம் அங்கியைப் பிடித்து இழுத்து ஒரு மிதிவண்டியிலிருந்து காப்பாற்றினார்.

தோட்டம் அங்கிருந்து தெற்கே, மலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில். இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி, ஆனைமலையன்பட்டி, சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி எனத் திராட்சையை நம்பி வாழும் ஊர்கள் அவ்வட்டாரத்தில் பல. அவற்றுள் சிலவற்றின் மணிக்கூண்டுகள் நம் மக்களுடையவை. பன்னீர் திராட்சையைத் தமிழகத்துக்கு 1832-இல் கொணர்ந்தவர் ஒரு பிரெஞ்சுக் குரு என்று, கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டபோது செய்திகள் வெளியாயின. அந்தக் குரு பழம் தின்னும் ஆசையால் கொடியைக் கொண்டுவந்திருக்கமாட்டார். பூசைக்கு இரசம் வேண்டியே கொண்டுவந்திருப்பார் என்பது நம் ஊகம். திருப்பலி இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாய் எடுத்ததாகவும் கெடாததாகவும் இருக்கவேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 924-ஆம் எண் விதிக்கிறது. அவ்விதியைப் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறோம். கால் நூற்றாண்டுக்கு மேலாக நாள்தோறும் கிண்ணத்தில் இரசம் வார்த்திருக்கிறோம். ஆனால் ஒரு திராட்சைக் கொடியின் அடியில் நின்றது அன்றுதான் முதல் தடவை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

பிரான்சின் படங்களில் காண்பதுபோல் இடுப்பளவுச் செடிகள் வரிசையாய் நிற்கும் என்று எதிர்பார்த்துப் போனவர், இங்கே தலையை நிமிர்த்தித்தான் பார்க்கவேண்டும். ஆளுயரத்துக்கு மேல் கல்தூண்கள் நட்டு, குறுக்கும் நெடுக்கும் கம்பி இழுத்து, அதன்மேல் கொடியைப் படரவிட்டிருக்கிறார்கள். பந்தலுக்குள் நுழைந்தால் பச்சைக் கூரை போட்ட மண்டபம். குலைகள் தலைக்கு மேலே தொங்கும். பிரான்சில் குளிர்காலம் கொடியை உறங்கவைக்கிறது. ஆண்டுக்கு ஒரே அறுவடை. இங்கே கொடிக்கு உறக்கமே இல்லை. மே, ஜூனில் கவாத்துச் செய்தால் ஆகஸ்டு, செப்டம்பரில் பழம்; டிசம்பர், ஜனவரியில் கவாத்துச் செய்தால் ஏப்ரல், மேயில் பழம். தோட்டத்துக்குத் தோட்டம் நாள் மாறுவதால் இப்பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் எங்கேனும் ஓரிடத்தில் பழம் இருந்துகொண்டே இருக்கும். பழுக்கும் வேளையில் மழை பிடித்தால் பழம் வெடித்துவிடும். பன்னீர் திராட்சை காம்பிலிருந்து எளிதில் உதிரும் பழமும்கூட. பீப்பாய்க்குள் போன போர்தோப் பழம் நல்ல விலைக்காகப் பல ஆண்டு காத்திருக்கலாம். கம்பத்துப் பழத்துக்கு அந்த வசதி இல்லை. வெட்டிய அன்றே லாரி ஏறியாக வேண்டும். வியாபாரிக்கு இது தெரியும். விவசாயிக்கும் தெரியும் என்பது வியாபாரிக்குத் தெரியும்.

இளையவன் தோட்டத்துத் தொட்டியருகே நின்று மருந்து கலக்கிக்கொண்டிருந்தான். கை முழுவதும் நீலம். ஒரு வாளியில் மயில்துத்தக் கரைசல், மறு வாளியில் சுண்ணாம்புக் கரைசல். இரண்டையும் பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றினான்.

"என்ன மருந்தப்பா இது?"

"போர்டோக் கலவை, சாமி. அடிச்சாம்பல் நோய்க்கு."

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது ஆண்டுகளாய் நாம் மனத்துக்குள் வைத்துப் பூட்டியிருந்த ஊர்ப்பெயரை, அவன் சுண்ணாம்பு வாளியைக் கழுவியபடி சொல்கிறான்! அந்தக் கதையை நாம் அவனுக்குச் சொன்னோம். போர்தோப் பகுதியில் சாலையோரத் தோட்டக்காரர்கள், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காதிருக்க, பார்த்தால் அருவருக்கும்படி மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து ஓரத்துக் கொடிகளில் தெளித்து வைப்பார்களாம். ஊரெங்கும் நோய் தாக்கியபோது அந்த ஓரத்துக் கொடிகள் மட்டும் பச்சையாய் நிற்பதைக் கண்டார் மில்லார்தே என்னும் பேராசிரியர். ஆய்ந்து பார்த்து 1885-இல் உலகுக்கு அறிவித்தார். திருடனுக்கு வைத்த மருந்து நோய்க்கு மருந்தாயிற்று. இளையவன் வாய்விட்டுச் சிரித்தான். ஆறு மாதத்தில் அவன் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவன் தாயார் பிறகு சொன்னார்.

சிரித்த வாயோடு அவன் மனத்தையும் திறந்தான். கொடியின்மேல் அவனுக்கு ஒரு வெறுப்பும் இல்லை. பிடுங்குவதாக இருந்தால் இந்தக் காலையில் எதற்கு மருந்து கலக்குகிறான்? ஆள் கிடைப்பதில்லை, மருந்துச் செலவு கூடுகிறது, மழை கணக்குத் தப்பிப் பெய்கிறது என்று அவன் எல்லாரிடமும் சொல்வதெல்லாம் மெய்தான். ஆனால் சொல்லாத ஒன்று இருந்தது.

"பழம் வெட்டுறப்ப வியாபாரிகிட்டப் பேசுறது அண்ணன்தான். எடைச் சீட்டை நான் கண்ணுல பாத்ததில்ல, சாமி. கேட்டா, 'என்னையே சந்தேகப்படுறியா'ங்கிறாரு. கேக்காம இருந்தா எனக்கு என்ன மரியாத? தென்னைன்னா காய எண்ணிப் பாத்துக்கலாம்ல."

நாம் பேருந்தில் வரும்போது காணாமற்போன மைந்தன் உவமையிலிருந்து மூத்தவனுக்கு ஒன்றும் இளையவனுக்கு ஒன்றுமாக இரண்டு சிறு பிரசங்கங்களை ஆயத்தம் செய்திருந்தோம். இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டோம். மதியம் சாப்பாட்டுக்குமுன், மூத்தவனைத் தனியே அழைத்து எடைச் சீட்டைப் பற்றி மட்டும் கேட்டோம். முகம் சிவந்துவிட்டது. அப்பா இருந்த காலத்தில் அவனும் சீட்டைப் பார்த்ததில்லையாம். அப்பா சட்டைப் பையில் வைத்துக்கொள்வாராம். கேட்பது பாவம் என்று நினைத்தே வளர்ந்தானாம். பிறகு நெடுநேரம் பேசாதிருந்தான். ஓர் ஆணியில் குத்தி வைத்திருந்த சீட்டுக்கட்டை எடுத்து வந்து, தம்பியிடம் கொடுக்காமல் தாயின் மடியில் வைத்தான். அந்த அம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. கட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இளைய மகன் பக்கமாகத் தள்ளினார்.

"மார்கழிக் கவாத்தை ரெண்டு பேரும் சேந்து வெட்டுங்க. பழம் எடுத்த பெறகு தென்னையோ என்னமோ, அப்பப் பேசிக்கலாம்" என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு. அதற்காக நாம் அத்தனை பேருந்து மாறிச் சென்றிருக்கவேண்டுமா என்று கூடத் தோன்றியது. உபதேசியார் மட்டும், பால்கோவாப் பொட்டலங்கள் இரண்டையும் பிரித்து ஒரே தட்டில் கொட்டிவிட்டு, வெற்றிலை போடத் தொடங்கினார்.

மாலையில் திரும்பும்போது, கிழக்கே மேகமலையும் அதற்குத் தெற்கே தொடரும் முகடுகளும் கறுத்துத் தெரிந்தன. நாம் எப்போதும் முன்பக்கத்தையே பார்த்துப் பழகிய மலையின் முதுகு என்று அதை நினைத்தோம். இவ்வூராருக்கு நம் பக்கம்தான் முதுகு.

ஏப்ரல் மாதக் கடைசியில், உயிர்ப்புப் பெருவிழா முடிந்து ஓய்ந்திருந்த ஒரு நாள், உபதேசியார் ஓலைக்கூடை ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு அறைவீட்டுக்கு வந்தார். கவாத்தும் முடிந்து அறுவடையும் முடிந்திருந்தது. பந்தல் இன்னும் நிற்கிறதாம். தென்னைப் பேச்சும் முற்றிலும் ஓயவில்லையாம். பாதிப் பழம் வழியிலேயே குலைகளிலிருந்து உதிர்ந்திருந்தது; மீதியின்மேல் மயில்துத்தத்தின் நீலம் ஆங்காங்கே படிந்திருந்தது. நல்ல நீரில் அலசவேண்டும் என்றார். பாடற்குழுப் பிள்ளைகள் விடுமுறையில் இருந்தார்கள். எல்லாரையும் அழைத்துக்கொண்டு அய்யனார் கோவிலுக்கே போனோம்.

கோடையில் ஆறு சுருங்கி, பாறைகளுக்கு இடையே ஒரு கைப்பிடி அகலத்துக்கு நூலாய் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பாத்திரத்தில் நீரை மொண்டு, உபதேசியார் கூடையைச் சரித்தார். பழத்துக்கு அடியில், ஈரத்தில் மை கலங்கிய ஒரு தாள் மடித்துக் கிடந்தது. பிரித்துப் பார்த்தோம். எடைச் சீட்டின் நகல். தலைப்பில், ஒருவர் பெயர் எழுதுமிடத்தில், இருவர் பெயரையும் நெருக்கி எழுதியிருந்தார்கள். உபதேசியார் அதைக் காயவைக்க ஒரு பாறைமேல் விரித்து, காற்றில் பறக்காதிருக்கக் கூழாங்கல் ஒன்றை மேலே வைத்தார்.

நவம்பரில் கேள்வி கேட்ட அந்தச் சிறுவன் ஒரு பழத்தை வாயிலிட்டு, கொட்டையை உள்ளங்கையில் துப்பி, "இது நட்டா இங்க வருமா, சாமி?" என்றான். கொட்டையிலிருந்து வளர்ப்பதில்லை, கொடியை வெட்டி நடுவார்கள் என்று சொன்னோம். அவன் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஆற்றோரத்து ஈரமணலில் விரலால் ஒரு குழி தோண்டிக்கொண்டிருந்தான்.